சுவர் மெல்லியது என்று முறையிட்டவன்

போன ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தேத்தண்ணியில் சீனி போதாது என்று மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "கதவு" என்று வந்தது.

"கதவுக்கு என்னப்பா?" என்றாள் வசந்தி.

"கதவு, கதவு" என்றேன். வழக்கமான பகிடி என்று நினைத்து, எழும்பிப் போய்த் திறந்தும் பார்த்தாள். திரும்பி வந்து என் முகத்தைக் கண்டபிறகுதான் அம்புலன்சைக் கூப்பிட்டாள்.

மூளையில் இரத்தக் கட்டி. கை கால் தப்பின. பேச்சு போய்விட்டது. அடியார்களே, கோயில் அன்னதானப் பந்தியில் என் வாயைக் கேட்காதவர் உங்களில் இல்லை. சோறு ஆறினாலும் நான் ஓயமாட்டேன். அந்த வாய்க்குத்தான் பூட்டு விழுந்தது.

அந்த வாய் என்னவெல்லாம் பேசியது என்பதையும் வெட்கத்தோடு சொல்லவேண்டும். நாங்கள் வந்து குடியேறிய கிளென் ஈடனில் எங்கள் வீட்டோடு ஒரே சுவராய் ஒட்டிய வீட்டில் இருப்பவர் டெண்டாய். சிம்பாப்வேயிலிருந்து வந்த கறுப்பின மனிதர். ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பள்ளி தொடங்க முன்னரே பிள்ளைகளைக் கூட்டிப் பாடவைப்பவர். வீட்டில் மகள்மார் இருவருக்கும் தலை பின்னிவிடுவதும் பாட்டோடுதான். சனிக்கிழமை பின்னேரம் மனைவி, பிள்ளைகளோடு நாலு குரலில் பாடுவார்கள்.

நான் பந்தியில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தேன், நிறத்தைச் சொல்லி. இங்கே அதை எழுதமாட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். இத்தனைக்கும் என் கல்யாணப் பேச்சில் என்னை 'மாநிறம்' என்று சொன்னதுதான் எங்கள் குடும்பம் துணிந்து சொன்ன மிகப் பெரிய பொய்.

அதோடு விட்டேனா? சுவர் மெல்லியது, பாட்டுச் சத்தம் தாங்கமுடியவில்லை என்று நகரசபைக்குத் தொலைபேசியில் முறையிட்டேன். பெயர் சொல்லவில்லை. அவ்வளவு வீரன். பிறகு சனிக்கிழமைகளில் அங்கே முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது.

ஆசுப்பத்திரியால் வந்த பிறகு, வசந்தி வேலைக்குப் போனதும் முருகன் படத்தின் முன் உட்காருவேன். நாக்கைத் தா என்று கேட்கவே நாக்கு இல்லை. அழுவேன். அழுகையோடு சின்ன வயதில் பாடமாக்கிய தேவாரம் வரும். இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் கதவு தட்டப்பட்டது. டெண்டாய். பள்ளி விடுமுறை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உங்களுக்குப் பேச்சு வராது என்று உங்கள் மனைவி சொன்னார். அப்படியென்றால் காலையில் பாடுவது யார்?"

நான் திகைத்துப்போனேன். தேவாரம் முழுச் சொல்லோடு வருவதை நானே கவனிக்கவில்லை! 'நான்தான்' என்று சொல்லப்போய் "கரண்டி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஊரில் அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தானாம். இரண்டு வருடம், ஒவ்வொரு நாளும், பள்ளிக்குப் போகமுன் தொலைபேசியில் முகம் பார்த்து அப்பாவோடு பாடியிருக்கிறார். "பேச்சு வரும் பாதை அடைபட்டாலும் பாட்டுக்கு வேறு பாதை இருக்கிறது. அப்பா முதலில் சொன்ன முழு வசனம் என்ன தெரியுமா? 'தலைமயிரை வெட்டு.'"

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வந்தார். சுவர்வழியே கேட்டே தேவார மெட்டைப் பிடித்திருந்தார். என் இடக்கையைத் தாளத்துக்குத் தட்டுவார். அந்த மெட்டில் 'தண்ணி வேணும்', 'பசிக்குது' என்று நான் பாடுவேன். மருத்துவமனைப் பேச்சுப் பயிற்சியாளரும் "இதுதான் சரி, விடாதீர்கள்" என்றார்.

வசந்திக்குத்தான் கொண்டாட்டம். "இஞ்சாருங்கோ, ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவு பெரிய கச்சேரியோ? ஓம், ஓம், முழுக்கப் பாடி முடியுங்கோ, தாறன்."

ஒக்டோபரில் வசனங்கள் வந்தன. முதலில் அவரிடம் சொல்ல வேண்டியதை ஒரு கிழமை பழகினேன். தேவார மெட்டில், ஆங்கிலத்தில், வேர்க்க வேர்க்கப் பாடினேன்: "நகரசபைக்கு முறையிட்டது நான்."

"தெரியும்" என்றார். "சுவர் மெல்லியது. நீங்கள் முறையிட்டபோது நாங்கள் நாலு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்."

தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. பட்டப்பெயரையும் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. என் கையைத் தட்டுவது நின்றது. பிறகு எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் மூன்றரைக்கே கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். நாலு மணிக்கு வந்தார்.

நான் கேட்கமுன்னரே முருகன் ஆளை அனுப்பிப் பக்கத்து வீட்டில் குடிவைத்திருக்கிறான். நான் அவர் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமைப் பாட்டில் ஐந்தாவது குரல் என்னுடையது. சுருதி சேராது. யாரும் முறையிடவில்லை.

நம்பிக் கேளுங்கள், கொடுப்பான். யார் கையில் கொடுத்தனுப்புவான் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை டெண்டாய் குடும்பத்தோடு அன்னதானத்துக்கு வருகிறார். அவரை உங்களுக்கு அவருடைய சொந்தப் பெயரில் அறிமுகம் செய்யப்போகிறேன். பதற்றத்தில் எனக்கு இன்னமும் சொற்கள் ராகமாய்த்தான் வரும். சிரிக்க விரும்புகிறவர்கள் அதற்குச் சிரியுங்கள்.