புள்ளிச் சுறாவும் என் நாத்தனாரும்

என் வீட்டுக்காரர் வெலிமடையிலிருந்து லீக்ஸும் கேரட்டும் ஏற்றி லாரியில் திருகோணமலைக்குப் போவார். போன வருசம் ஒருநாள் என்னையும் அவர் தங்கச்சியையும் கூட்டிப்போனார். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் நாங்க ரெண்டு பேரும் அதுவரைக்கும் கடலை டிவியில்தான் பார்த்திருந்தோம். அட்டை கடித்தால் சுண்டி எறிந்துவிட்டு வேலை பார்க்கும் என் நாத்தனார், அலையைக் கண்டதும் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

மரக்கறியை இறக்கியதும் அவர் லாரியிலேயே தூங்கிவிட்டார். நாங்க கரைக்கு நடந்தோம். அங்கே பத்துப் பதினைந்து ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கிட்டே வந்ததும் தண்ணிக்குள் கறுத்த முதுகு ஒன்று தெரிந்தது. மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"அண்ணி, கடலுக்குள்ள பஸ்ஸு விழுந்து கிடக்கு" என்றாள் நாத்தனார்.

வலைக்குச் சொந்தக்காரர் கையைத் தூக்கி இழுப்பை நிறுத்தினார். "புள்ளிச் சுறா. இதப் பிடிக்கக் கூடாது. கரையில ஏறினா அதிட பாரமே அதக் கொன்றுபோடும். வலைய அறுங்கோ."

"மத்த மீனெல்லாம் போயிடுங்களே" என்றேன்.

"போகட்டும் அக்கா. நாளைக்கும் மீன் வரும்."

"ஆளத் திங்குமாங்க?" நாத்தனாருக்கு அதுதான் கவலை.

"இல்ல தங்கச்சி. கூனி எண்ட பொடி இறாலும் மீன் முட்டையும்தான் சாப்பாடு. வாயத் திறந்து தண்ணியோட எடுத்து, செவுளால வடிச்சிரும்."

"இம்புட்டுப் பெரிய வாய்க்கு கூனியா? பாவம்."

அந்தப் பாவத்தில் பயம் போய்விட்டது போல. ரெண்டு பேர் தண்ணிக்குள் இறங்கி வலையை அறுக்க, அறுத்த பக்கத்தை ஆட்கள் விரித்துப் பிடித்தார்கள். ஒரு முனைக்கு ஆள் போதவில்லை. நான் திரும்பிப் பார்க்கிறேன், என் நாத்தனார் சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் வலையைப் பிடித்தபடி நிற்கிறாள். நானும் போனேன், வேற வழி?

அது அவசரப்படவில்லை. மெதுவாக வந்து, எங்களுக்கு ஒரு முழம் தள்ளி வழுக்கிப் போனது. சின்னக் கண் ஒன்று எங்களைப் பார்த்தது. வெளியே போனதும் வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது. அந்த அலையில் நாங்க ரெண்டு பேரும் குப்புற விழுந்து வயிறு முட்ட உப்புத்தண்ணி குடித்தோம். எழுந்து பார்த்தபோது கடல் வெறுமனே கிடந்தது. நாத்தனார் இருமிக்கொண்டே சிரித்தாள். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் எதையும் நம்பவில்லை. "ரெண்டு பேரும் வெயில்ல நின்னுட்டீங்க" என்றார். தோட்டத்துக்கு வந்ததும் நாத்தனார் அவரை லயத்து வீட்டு வரிசையின் முன்னால் நிறுத்தி, எங்க காம்பரா வாசலிலிருந்து மூணு வீடு தாண்டி நடந்து காட்டினாள். "இங்க தலை, அங்க வாலு."

மூணாவது வீட்டு அக்கா வாசலுக்கு வந்து கேட்டாள். "ருசி எப்பிடி?"

"திங்கல. விட்டுட்டோம்."

"விடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போனீங்க?"

"ஆமாங்க" என்றாள் நாத்தனார், ரொம்பப் பெருமையாக.