கஞ்சி ஒட்டாத நூல்

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீடு, பகலில் தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வக வேலை, மிச்ச நேரமெல்லாம் மடிக்கணினி. ஷோபனாவின் வாழ்க்கை இவ்வளவுதான். ஆனால் அந்தக் கணினிக்குள் அவள் என்ன வைத்திருந்தாள் தெரியுமா? பருத்தி நூலையும் கஞ்சியையும், அணு அணுவாக!

பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் சற்றுத் தள்ளியிருந்தால் ஒன்றையொன்று இழுக்கும்; ரொம்ப நெருங்கினால் முட்டித் தள்ளும். மின்சுமை இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கணக்கை வைத்துக் கஞ்சி நூலில் ஒட்டுவதைக் காட்ட வேண்டும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைப்பது அதைப் பொறுத்தது. கல்லூரிக்கு லீவு போட்டிருந்தாள்; அன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

கணினி காட்டிய படத்திலோ, கஞ்சி நூலை விட்டு விலகி விலகி ஓடியது.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் பிரேம்குமார் வந்தார். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுபவர்.

“இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி கீது?”

“கஞ்சி நூல்ல ஒட்டவே மாட்டேங்குது பாவா.”

“ஒட்டலையா? கஞ்சி இல்லாட்டி தறியில நூலு அறுந்துபூடுமே! அப்ப நேத்து நான் நெய்ஞ்ச லுங்கி காத்துல நெய்ஞ்சதா?” அவர் குலுங்கிச் சிரித்தார். “உன் பொட்டி என்னைக் கேக்காமலே என் தறிய நிறுத்திட்ச்சே!”

“சிரிக்காதீங்க பாவா, அழுகை வருது.”

“சென்னையில கீறவங்களுக்கு இன்னா தெரியப்போவுது? அனுப்பிடு.”

படம் அழகாகத்தான் இருந்தது. கஞ்சி அப்படித்தான் விலகும் என்று அங்கே யாராவது நம்பியும் விடலாம். ஆனால் கஞ்சி போட்ட நூலைத் தொட்டு வளர்ந்தவளுக்கு அது பொய் என்று தெரியும்.

எல்லாவற்றையும் கலைத்தாள். நூலிலிருந்து ஓர் அணு, கஞ்சியிலிருந்து ஓர் அணு. அவற்றை மட்டும் வைத்து மெல்ல விலக்கிப் பார்த்தாள். இழுக்க வேண்டிய தூரத்திலும் தள்ளிக்கொண்டே நின்றன! கஞ்சி அணுக்களின் அளவை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தாள். அதில் இருந்தது இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள முழுத் தூரம். அவளுடைய மென்பொருள் கேட்டது அதில் பாதி. கஞ்சியின் ஒவ்வோர் அணுவும் இருமடங்கு பருத்துப்போய்க் கிடந்தது.

திருத்தி ஓட்டினாள். சோறு ஆறிப்போனது. கஞ்சி மெல்ல மெல்ல வந்து நூலோடு படிந்தது. பிறகு விடவே இல்லை.

“பாவா! ஒட்டிக்கிச்சு பாவா!”

புதுப் படத்தோடு, செய்த தப்பையும் அதைக் கண்டுபிடித்த விதத்தையும் எழுதினாள்.

“அத ஏன்மா சொல்ற? வேணான்னுட்டா?”

“மறைச்சுட்டு அங்க போய் உக்காந்துகினு இன்னா பண்ணப்போறேன் பாவா?” அனுப்பிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஃபோன் வந்தது. சென்னை ஆய்வகத் தலைவர் அனிதா.

“ரெண்டு அணுவை மட்டும் தனியா வெச்சுப் பாத்தீங்களே, அது யார் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்லைங்க. வேற இன்னா பண்றதுன்னே தெரியல.”

“திங்கட்கிழமை வந்து சேருங்க.”

“ஆங்,” என்றாள். மேடம் என்று சேர்க்கவே மறந்துபோனாள்.