'கட்' சொன்ன பிறகும் ஓடிய மைக்

திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு பெரிய பழைய வீட்டைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது, பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடின. எனக்கோ இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆவணப்பட வேலைக்கு வரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர்கள் அண்ணன், தம்பி இருவர். இருவருக்கும் சென்னையில் தொழில். வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பொன்னழகி அக்கா. கூட்டிப் பெருக்கி, சாயங்காலம் சாமி அறையில் விளக்கேற்றி வைப்பார். அதற்காகப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவரோடு அங்கேதான் குடியிருந்தார். வேறு போக்கிடம் கிடையாது.

படம் அந்த வீட்டின் கலையைப் பற்றியது. தரை ஓடு, சுதை வேலை, பர்மா தேக்கு எல்லாவற்றையும் அழகாக எடுத்தார் டைரக்டர். நல்ல கண் அவருக்கு, அதை நான் மறுக்கவில்லை. சாமி அறைச் சுவரில் பழைய தஞ்சாவூர்ப் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. படங்களைக் காணவில்லை. கேமரா முன்னால் அக்காவிடம் அதைப் பற்றி டைரக்டர் கேட்டார்.

"மழைக்கு ஒழுகிருச்சுங்க. நனைஞ்சு வீணாப் போயிருச்சு" என்றார் அக்கா.

டைரக்டர் 'கட்' சொன்னார். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருந்த அக்கா, எழுந்து விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டார். முந்தானையில் குத்தியிருந்த காலர் மைக்கும் அவரோடு போய்விட்டது. கழற்றி வாங்கலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் ஹெட்போனில் அவர் குரல் வந்தது. அடுப்படியில் இருந்த பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒழுகவும் இல்ல, ஒண்ணும் இல்ல ராக்கு. பெரியவுகதான் காருல ஏத்திக்கிட்டுப் போனாக. சின்னவுக கேட்டா ஒழுகிருச்சுன்னு சொல்லச் சொல்லிட்டாக. நான் வாயத் தொறந்தா, இந்த மனுசனத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது?"

டைரக்டர் காதிலும் ஒரு ஹெட்போன் உண்டு. ரெக்கார்டரை நிறுத்த நான் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேச்சு முடியும்வரை விடவே இல்லை.

"சார், இதுதான் படம்! இவ்ளோ நாளா வெறும் அழகைத்தானே எடுத்துட்டு இருந்தோம்?" என்று குதித்தார்.

"அந்தம்மா நம்மகிட்டச் சொல்லலையே சார்."

"மைக்ல சொல்லிருக்காங்கல்ல? பேசுனதைப் படத்துல வச்சுக்கலாம்னு ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்தும் வாங்கியாச்சு. இது வரலாறு சார். வரலாறை மறைக்கச் சொல்றீங்களா?"

வரலாறாம்! அவ்வளவு அக்கறை இருந்தால் அந்த அண்ணனிடம் போய் நேராகக் கேட்க வேண்டியதுதானே? அவர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்து, படம் எடுக்க விட்டதற்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்தான் இவர். வீரத்தைக் காட்ட அடுப்படியில் நிற்கிற பொம்பளைதான் கிடைத்தார். எனக்கு வந்த கோபத்தில் யூனிட் மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "வாங்க, அந்தம்மாவையே கேப்போம்" என்று ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தேன். டைரக்டரும் பின்னாலேயே வந்தார்.

பதிவானதைப் போட்டுக் காட்டினேன். அக்கா ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று. கழற்றி என் கையில் கொடுத்தார்.

"கேமராவப் பாத்துச் சொன்னது ஒங்களுக்கு, தம்பி. இது ராக்குகிட்டச் சொன்னது."

"பயப்படாதீங்கம்மா. உங்க முகம் வராது. குரலைக்கூட மாத்திடலாம்" என்றார் டைரக்டர்.

"இந்த வீட்டக் கூட்டுறவ நான் ஒருத்திதான். மொகத்த மறைச்சா, வேற எவ சொன்னான்னு நெனப்பாக?"

டைரக்டர் "சரி, எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார். இந்தத் தொழிலில் அதற்கு 'எப்படியும் படத்தில் வைப்பேன்' என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? அன்றைய சவுண்டை இன்னும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றவில்லை. எல்லாம் ரெக்கார்டரில் இருந்த மெமரி கார்டில்தான் இருந்தது. அழித்தாலும் மீட்டெடுத்துவிடுவார்கள். கார்டை உருவி அக்காவிடம் நீட்டினேன். "ஒங்க பேச்சு இதுலதான் இருக்குக்கா. வேற எங்கயும் இல்ல" என்றேன். டைரக்டர் "சார், சார்" என்று பாய்ந்து வருவதற்குள், அக்கா அதை வாங்கி எரிகிற அடுப்பில் போட்டுவிட்டார். காலையிலிருந்து எடுத்த பேட்டிகளும் அதோடு போயின. போகட்டும்.

அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை. மைக்கைத் தானே பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க வந்த நாள்லேருந்து இப்பிடித்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

மைக்கின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கே என்னை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். டைரக்டரின் நண்பர்கள் யாரும் அதற்குப் பிறகு என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. வேறொரு ஆளை வைத்துப் படத்தை முடித்தார்கள். பரிசு வாங்கியபின் நடந்த திரையிடலுக்கு நானும் போயிருந்தேன். "எளிய மனிதர்கள் எங்களை நம்பி மனம் திறந்தார்கள்" என்று மேடையில் டைரக்டர் உருகினார். அரங்கம் கைதட்டியது. எனக்கு அங்கே உட்காரப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யாருக்கும் மைக் குத்துவதற்கு முன்னால் ஹெட்போனை அவர்கள் காதில் ஒருமுறை வைத்து, எவ்வளவு தூரம் கேட்கும் என்று காட்டிவிடுகிறேன். 'கட்' சொன்னதும் முதல் வேலையாக மைக்கைக் கழற்றுகிறேன். டைரக்டர் முறைத்தால் முறைக்கட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பொன்னழகி அக்கா கேட்ட கேள்வியை உங்களைப் பார்த்து யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.