தண்ணி கடிக்குது

குடவாசலில் எங்கள் வீட்டுச் சின்ன மீன்தொட்டியில் செடி வளர்க்க, மலிவாகக் கிடைத்த எல்இடி டியூப் லைட் ஒன்றை மூடிக்குள் மாட்டியிருந்தேன். செடிகள் நன்றாகத் துளிர்த்தன. ஒரு மாலை என் மகள் யாழினி பழுத்த இலையைப் பறிக்கத் தொட்டிக்குள் கைவிட்டாள்.

“அப்பா, தண்ணி கடிக்குது!” என்று சிரித்தாள்.

மீனாக இருக்கும் என்று நானும் விரலை விட்டேன். முழங்கைவரை சுரீரென்று இழுத்தது. விளக்கிலிருந்து தண்ணீரில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது! அவளோ மறுபடியும் கையை விட்டிருந்தாள்.

“கையை எடும்மா!” என்று அலறினேன். என் மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். வீடு இருண்டது. மகளிடமிருந்து சத்தமே இல்லை. கையை நீட்டி அவளைத் துழாவினேன்.

“ஏம்ப்பா கத்துறீங்க?” என்று இருட்டுக்குள் அழுதாள்.

அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது தொட்டியில் இருப்பது அடாப்டரில் எரியும், ஷாக் அடிக்காத பன்னிரண்டு வோல்ட் விளக்குதான். ஆனாலும் அவள் தொட்டியருகே போனாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன். அந்தப் பயம் இன்னும் என் விரலிலேயே இருக்கிறது.