மஞ்சள் கோட்டுக்கு வெளியே லான்

காலை 5.40. அரியலூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது இன்னும் வெளுக்கவில்லை. வாசல் கடையில் தேநீர் பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தாராளம். பெரம்பலூருக்கு வடக்கே உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையின் வேனுக்காகக் காத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து நம் சிற்றூர்களுக்கு வேலை விசாவில் வருகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். நிர்வாகம் ஒரு நாள் அனுமதி கொடுத்திருந்தது.

ஆறேகாலுக்கு வேன் வந்தது. டிரைவர் முருகேசன் பக்கத்து இருக்கையிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"பின்னாடி பூரா பொம்பளைங்க சார். முன்னாடியே உக்காருங்க."

பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து தொழிற்சாலை இன்னொரு இருபது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன; ஒவ்வொரு லாரிக்கும் முருகேசன் கண்ணாடியை ஏற்றி, புழுதி அடங்கியதும் இறக்கினார். இருபுறமும் மக்காச்சோளம், நடுநடுவே பருத்தி.

பின்னிருக்கைகளில் பேச்சு சூடாக இருந்தது.

"ஏண்டி செல்வி, லானு போயிட்டா நீதான் சூப்பர்வைசரு. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுதானே வர்ற?"

"இரு, உன் வாயைத் தைக்கிறேன். ரெட்டைத் தையலா."

சிரிப்பு அடங்கியதும் செல்வியின் குரல் தாழ்ந்தது. "நாலு ஜோடி கோணிக்கிட்டுப் போச்சுன்னா என்ன, தலையா போயிரும்?"

"மேனேஜர் கத்துவாரே?"

"கத்தட்டும். இன்னும் ஒரு வருசத்துக்கு விசா போட்டுத்தானே ஆவணும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முருகேசன் விளக்கினார். லான் வியட்நாம்காரர். காலணியின் மேல்பகுதியைத் தைக்கக் கற்றுக்கொடுக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் கம்பெனி அழைத்து வந்தது. இப்படிப்பட்ட விசா அழைத்த கம்பெனியோடு கட்டுண்டது. வேறு இடத்துக்கு மாற முடியாது. ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும். அதே வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைத்துவிட்டால், வெளிநாட்டவர்தான் வேண்டும் என்று கம்பெனி கேட்க முடியாது. இன்று லான் இல்லாமல் செல்வியின் வரிசை தைத்துக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் செல்விக்குப் பதவி, லானுக்குப் பயணச்சீட்டு. வராவிட்டால் லானுக்கு இன்னும் ஓராண்டு.

பெரம்பலூர் நாலு ரோட்டில் சுடிதார் அணிந்த ஒரு குள்ளமான பெண் டிபன் கேரியருடன் ஏறினார். வயது முப்பத்தொன்று, செல்வியைவிட ஏழு வயது இளையவர். வேன் சட்டென்று அமைதியானது.

"என்ன? ஏன் பேச்சு இல்ல?" என்றார் லான்.

"தூக்கம் வருது லானு."

"பொய்."

அவருடைய தமிழ் முழுவதும் தையல் வரிசையில் கற்றது. பாதிக்கு மேல் கட்டளைகள். முதலில் கற்ற சொல் 'பிரி' என்றார். தப்பான தையலைப் பிரிக்கச் சொல்ல அது போதுமாக இருந்ததாம். ஒன்பது வயது மகன் பாட்டியுடன் இருக்கிறான். ஊரில் வீடு பாதியில் நிற்கிறது. அடுத்து எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று இன்னும் தெரியவில்லை.

"நான் போனா பையன்கிட்ட போவேன். இருந்தா வீடு முடியும்" என்றார். "இன்னும் ஒரு வருசம் இருந்தா நல்லது."

தொழிற்சாலையில் தையல் வரிசையைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். மேலாளர் லானைக் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தையல் தோலின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, விளிம்போடு சேர்ந்து போக வேண்டும். கால்விரல் பக்கம் வரும் வளைவில்தான் சிக்கல்.

முதல் நாலு ஜோடிகளிலும் அந்த வளைவில் தையல் விலகியிருந்தது. மேலாளர் அவற்றை மேசையில் வரிசையாக வைத்தார்.

"ரெண்டு வருசமா இதைத்தான் சொல்லிக்கொடுத்தீங்களா மேடம்?"

லான் தைத்த துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவு விலகல். கோட்டைத் தாண்டி உள்ளே போனார்.

"செல்வி. இந்த வளைவு நீ கண்ணை மூடித் தைப்ப."

"ஊசி சரியில்ல லானு."

லான் ஊசியைக் கழற்றி நுனியை நகத்தில் உரசிப் பார்த்தார். "ஊசி நல்லா இருக்கு." அதை மறுபடி மாட்டிவிட்டு, துண்டைச் செல்வியின் முன்னால் வைத்தார். "பிரி."

"பிரிச்சா நீ போயிடுவ."

"தெரியும். பிரிக்கலைன்னா, லானுக்குச் சொல்லித்தரத் தெரியாதுன்னு எழுதுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடும்?"

பக்கத்து எந்திரங்கள் நின்றுவிட்டன. மேலாளருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "டீ குடிச்சுட்டு வரேன். முதல்லேருந்து ஆரம்பிங்க" என்று வெளியே போனார்.

செல்வி பிரித்தார். லான் மறுபடி கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

மதியத்துக்குள் முழுத் தொகுதியும் முடிந்தது. ஒரு ஜோடியைக்கூட மேலாளர் திருப்பவில்லை. மேலாளர் செல்வியின் பெயரை அறிவித்தபோது முதலில் கைதட்டியவர் லான். அவருடைய விசா இந்த மாத இறுதிவரை.

மாலை வேனிலிருந்து பெரம்பலூரில் இறங்கும்போது லான் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு வருவேன். ஏன் எழவு வூடு மாதிரி மூஞ்சி?" என்றார். அந்தப் பெண்களிடமே கற்ற வசவு. வேன் குலுங்கச் சிரித்தது. அவர் சாலையைக் கடந்து சின்ன வெங்காயம் விற்கும் வண்டியருகே நின்றார். கிலோ நாற்பது என்று அட்டையில் எழுதியிருந்தது. இரு கைகளாலும் புரட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

செல்வி எனக்குப் பின்னிருக்கைக்கு வந்தார்.

"சார், எழுதுனா எம் பேரை மாத்திப் போடுங்க."

மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கணவர் சிங்கப்பூரில் குழாய் வெல்டர். ஒரு முறை அங்கே பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் அனுப்பிவிட்டார்கள். லீவில் வந்திருப்பதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தாராம். மறுபடி போக ஒரு வருடம் ஆனது.

"அந்த மூஞ்சிய நான் பாத்திருக்கேன் சார். லானுக்கு அது வேணாம்னுதான் அப்புடிச் செஞ்சேன்."

வியட்நாமிலிருந்து வந்தவரை வழியனுப்பப்போகும் இந்த ஊர்களிலிருந்துதான் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆட்கள் போகிறார்கள். நான் பார்த்த மூன்று கல்யாணப் பதாகைகளில் இரண்டில் மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே வெளிநாட்டு ஊர்ப் பெயர் இருந்தது.

அரியலூருக்குச் சற்று முன்னால் செல்வியின் கைப்பேசி ஒலித்தது. கணவர்தான். லாரிச் சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார். சாப்பாடு, பிள்ளைகள், பதவி எல்லாம் பேசி முடிந்தது.

"ஏங்க, உங்க வேலைக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான்னு சொன்னீங்களே. அவனுக்கு நீங்கதான் வேலை சொல்லிக் குடுக்குறீங்களா?"

"ஆமா. நல்லா புடிச்சுக்கிறான். ஏன் புள்ள?"

செல்வி வெளியே பார்த்தார். ஒரு லாரி போனது. அதன் பின்னால் இன்னொன்று.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். வளைவு வர்ற எடத்தை நல்லா காட்டிக் குடுங்க. அங்கதான் தப்பு வரும்."