எத்தனை பேர் வர்றீங்க?

போன வருஷம் பிப்ரவரியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டி நடந்தது இது. எனக்கு வீடு சேலையூர். கேம்ப் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் தவறி அப்போது ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே பையன், புனேயில் வேலை. வாரம் தவறாமல் போன் பண்ணி, "எப்பம்மா இங்க வரே?" என்று கேட்பான். "பார்க்கலாம்டா" என்பேன். கல்யாணமா, கோயிலா, யார் எங்கே கூப்பிட்டாலும் அந்த ரெண்டு வருஷமும் என் வாயில் வந்தது அந்த ஒரு "பார்க்கலாம்"தான்.

என் கணவருக்குக் கடல் என்றால் உயிர். முட்டுக்காடு தாண்டினால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி, நடுவில் நீட்டுக்கு ஒரு மணல் திட்டு. அதில் வாடகைக்கு விடுகிற பீச் ஹவுஸ் நிறைய. ரிட்டயர் ஆனதும் அங்கே ரெண்டு பக்கமும் தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு வீடு எடுத்துத் தங்கணும் என்பது அவர் திட்டம். நானோ கடற்கரைக்குப் போனால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வருவதற்கு முன்னாடியே பின்னால் ஓடுகிற ரகம். "நீ கடலைப் பார்க்க வந்தியா, புடவையைக் காப்பாத்த வந்தியா?" என்று கிண்டல் பண்ணுவார். "வீடு எடுங்க, முழுசா முங்கிக் காட்டறேன்" என்று நானும் வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பி எனக்குக் கருநீலத்தில் ஒரு சுடிதார் வேறு வாங்கி வந்தார், கடலில் குளிக்க. ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மனுஷன் போய்விட்டார்.

அந்தச் சுடிதார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவில் வேறு எதையோ தேடும்போது கைக்கு வந்தது. கடைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, போனை எடுத்து பீச் ஹவுஸ் தேட ஆரம்பித்தேன். வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போகிற எண்ணம் இல்லை. வந்தால் ஆளாளுக்கு "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்பார்கள், நான் கரையில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருவேன்.

வீடு தேடுவது இவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியாது. போன் போட்டால் முதல் கேள்வியே, "எத்தனை பேர் வர்றீங்க?" ஒருத்தர் என்று சொன்னதும் அந்தப் பக்கம் குரலே மாறிவிடும். ஒருவர் திடீரென்று பெயின்ட் அடிக்கிறோம் என்றார். இன்னொருவர் எட்டுப் பேருக்குக் குறைஞ்சா தர மாட்டோம் என்றார். ஒரு பையன் மட்டும் ஆசையாக, "ஷூட்டிங்கா மேடம்?" என்று கேட்டான். மடிப்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை, "சனிக்கிழமை ரெண்டு மணிக்கா உள்ள நுழைய விடறாங்க? அது எமகண்டம்க்கா, வேணாம்" என்று அவள் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

கடைசியாக ஒரு வீட்டுக்காரம்மா. என் வயசு இருக்கும் குரல். "சாரி மேடம், நாங்க ஃபேமிலிக்கு மட்டும்தான் குடுக்கறது" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "நானும் ஃபேமிலியோடதான் வரேன். இப்ப என் ஃபேமிலின்னா நான் ஒருத்திதான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்திவிட்டேன். வகுப்பில் பின் பெஞ்சை அடக்குகிற குரல், போனில் கேட்டால் எப்படி இருக்கும். நான் விடாமல், கொசுவலை உண்டா, வாசல்படி எத்தனை, முட்டி வலி எனக்கு, மிக்ஸி இருக்கா, ராத்திரி சட்னி அரைக்கணும் என்று கேட்டுக்கொண்டே போனேன். "சரி, வாங்க" என்றார். குரலில் என்னவோ பாதி மனசு.

தோசை மாவு, பொட்டுக்கடலை, மிளகாய்ப் பொடி, பால்கோவா எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக டாக்சியில் போய் இறங்கினேன். தங்கைக்காக மூணு மணிவரை வழியில் ஒரு கடையில் டீ குடித்து எமகண்டத்தைக் கழித்தேன். வீடு அப்படியே அவர் சொன்ன மாதிரி. முன்னால் கடல், பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கழி.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் பக்கத்துக் குப்பத்துப் பெண். நாற்பது நாற்பத்தைந்து வயசு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. சாவியைத் தரும்போது என் பின்னாடி எட்டிப் பார்த்து, "கூட ஆரு வராங்கோ?" என்றாள். யாரும் இல்லை என்றேன். அவள் முகம் சரியில்லை. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு என் கவலை. ஐம்பத்து நாலு வயசில் சுடிதாரை நனைத்துக்கொண்டு நிற்பதை நாலு பேர் பார்க்கக் கூடாது.

அதனால் அவளிடமே விவரம் கேட்டேன். இங்கே ஆழம் எப்படி, எந்த நேரத்தில் கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று. "இன்னாத்துக்கு?" என்றாள். "சும்மாதான்" என்று சிரித்து மழுப்பினேன். நாளைக்குக் காலையில் உனக்கு இன்னா டிபன் என்று கேட்டதற்கு, எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன், வெறும் வயிற்றில் குளிப்பதுதான் நல்லது என்று. பால்கோவா டப்பாவை அவள் கையில் வைத்து, "பிள்ளைங்களுக்குக் குடு, எனக்கு இனிமே எதுக்கு?" என்றேன். முந்தின வாரம்தான் சர்க்கரை என்று டாக்டர் சொல்லியிருந்தார், பழக்கத்தில் வாங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்க வீட்டுக்காரம்மா போன்மேல் போன். கெய்சரில் சுடுதண்ணி வருதா, ஃபேன் சத்தம் போடுதா, பையன் எங்கே வேலை பார்க்கிறான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷனே தேவலை என்று தோன்றியது. போதாததற்கு அந்தப் பெண் பாயைக் கொண்டுவந்து வராந்தாவில் விரித்துவிட்டாள். வூட்டுல விருந்தாளி, படுக்க எடமில்ல என்றாள். தனியாக இருக்கத்தானே வந்தேன், இங்கேயும் விட மாட்டேன் என்கிறார்களே என்று எரிச்சலோடு சட்னி அரைத்தேன்.

காலையில் பார்த்தால் வராந்தாவில் பாய் சுருட்டி வைத்திருந்தது, ஆளைக் காணோம். பால் வாங்கப் போயிருப்பாள். இதுதான் சமயம் என்று சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். அலை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று சங்கிலி, வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி, போனோடு சேர்த்து மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

முதல் அலைக்குக் கால் தானாகப் பின்னால் ஓடியது. திட்டிக்கொண்டு மறுபடி போனேன். முட்டி வந்தது, இடுப்பு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே முங்கு. எழுந்தபோது வாயெல்லாம் உப்பு. சத்தமாகச் சிரித்தேன், அழுதேன் என்றும் சொல்லலாம். சொன்னபடி முங்கிட்டேன் பாருங்க என்று அவரிடம் சொல்லிக்கொண்டு இன்னொரு முங்கு போட்டேன்.

பின்னாலிருந்து யாரோ இடுப்போடு சேர்த்து ஒரு பிடி பிடித்தார்கள். அவள்தான். புடவையோடு ஓடி வந்திருக்கிறாள்.

"இன்னா காரியம் பண்றே நீ? உனுக்கு இன்னா கொற? படிச்சவதானே, புள்ள கீறான் இல்ல உனுக்கு?" அழுகையும் திட்டுமாகக் கரைக்கு இழுத்தாள்.

"விடும்மா, நான் குளிக்கறேன்" என்றேன்.

"குளிக்கிறவ சங்கிலிய கயட்டி வச்சிட்டு வருவாளா?"

"அது கடல்ல போச்சுன்னா நீயா வாங்கித் தருவே?"

அவள் கை கொஞ்சம் தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து ரெண்டு பேரையும் உருட்டிவிட்டது. முட்டி போட்டு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நெசமா குளிக்கத்தான் வந்தியா?" என்றாள். சத்தியமாக என்றேன். அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து, சிலுவையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மாதாவே" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகுதான் சொன்னாள். சில வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் தனியாக அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரும் ஆழம் கேட்டாராம், ஆள் இல்லாத நேரம் கேட்டாராம். கடலுக்குள் போனவரை இவள் புருஷனும் இன்னும் ரெண்டு பேரும் போட்டிலிருந்து குதித்து இழுத்து வந்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். "இப்ப நல்லா கீறாரு. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாரு" என்றாள். அன்றிலிருந்து தனியாக வருகிறவர்களுக்கு வீடு கிடையாது. எனக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "மிக்ஸி கேட்டியாமே நீ. சட்னி அரைக்கணும்னு சண்டை போடறவ சாவ மாட்டா, ஆனா ஒரு கண்ணு வச்சிக்கோன்னு வூட்டுக்காரம்மா சொல்லிச்சி."

முதல் நாள் நான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். டிபன் வேண்டாம். பால்கோவா எனக்கு இனிமே எதுக்கு. யார் கேட்டாலும் பயந்துதான் போவார்கள். சிரிப்பு வந்தது, கூடவே இந்த மனுஷிகளை மனசுக்குள் எவ்வளவு திட்டினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ராத்திரி முழுக்க எனக்காக வராந்தாவில் முழித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"குளிக்கணும்னா என்னாண்ட சொல்லக் கூடாதா? ஒண்டியா எறங்கற கடலா இது?" என்று கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிப் போனாள். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், இப்படிச் சும்மா குளித்து வருஷக்கணக்காகிறதாம். "எனுக்கு இது மீனு அலசற எடம்கா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு என்னைவிடப் பெரிய முங்காகப் போட்டாள். வெயில் ஏறுகிறவரை ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஆட்டம் போட்டோம். கரையில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்பும்போது டாக்சி வந்து நிற்கிறது. அவள் கேட் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி எப்ப வருவே?" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன், பழக்க தோஷம்.

"அதெல்லாம் வேணாம். தேதி சொல்லு" என்றாள். விளையாட்டாகக் கேட்கிற முகம் இல்லை அது. தாழ்ப்பாளும் நகரவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அவர் போனதிலிருந்து வரப்போகிற நாள் ஒன்றைக்கூட நான் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. எங்கள் கல்யாண நாள் ஆகஸ்டில் வருகிறது. அந்தத் தேதியைச் சொன்னேன். அவள் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "அப்ப சரி" என்று கேட்டைத் திறந்தாள். டாக்சி முட்டுக்காடு பாலம் ஏறுவதற்குள் பையனுக்குப் போன் பண்ணி, பரீட்சை முடிந்ததும் புனேக்கு டிக்கெட் போடச் சொன்னேன்.

சொன்ன தேதிக்குப் போனேன். வீட்டுக்காரம்மா "எத்தனை பேர்?" என்று கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் என்னைப் போலத் தனியாக இருக்கிறவர்களைப் பார்த்தால் எப்படி இருக்கீங்க என்று கேட்பதை விட்டுவிட்டேன். அடுத்து எப்போ பார்க்கலாம் என்று கேட்டு, அவர்கள் வாயால் ஒரு தேதி வரும்வரை நானும் தாழ்ப்பாளை விடுவதில்லை.