வீட்டில் ஆளில்லை

தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் நின்று எதிர்வீட்டு அண்ணன் திரும்பிப் பார்க்கிறார். மாடி ஜன்னல் திறக்கிறது. "ஹீட்டர் அணைஞ்சிருச்சுங்க" என்று அண்ணியின் குரல். அண்ணன் வீட்டுப் பக்கம் கொஞ்சம் திரும்பி நடக்கிறார். "எரியுது." மறுபடி கம்பத்துக்குப் போகிறார். தெருவில் யாரும் இதை இப்போது நின்று பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

அண்ணனுக்குச் சாலைச் சந்திப்புகளில் சிக்னல் விளக்குகளுக்கு நேரம் வைக்கிற வேலை. பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வார். வீட்டு ஹீட்டருக்கும் அப்படியே விதி எழுதிவைத்திருக்கிறார். ஹீட்டரை எரியவிட்டு அணைக்கிற, சுவரில் பதித்த தெர்மோஸ்டாட்டுக்கு அவருடைய கைபேசிதான் கண்; அது வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். "வந்தா எரியணும், போனா அணையணும். இதுல என்ன இருக்கு?" என்பார். ஒரு விதி இன்னொன்றின் காலை வாரிவிட்ட அன்று, பல் துலக்கும்போதும் கைபேசி கையிலேயே இருக்கும்.

அவதி அண்ணிக்கு. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். அண்ணன் விடுப்பில் இருந்தவரை வீடு கதகதவென்றிருந்தது. வேலைக்குப் போகத் தொடங்கியதும் பகலெல்லாம் குளிர். ஸ்வெட்டர் போட்டும் விரல் விறைத்து, ஊசியில் நூல் நுழைய மறுக்கிறது. அண்ணன் பேட்டரியை மாற்றினார், தூசி துடைத்தார், ஜன்னல் இடுக்கைக் குறை சொன்னார்.

"இன்னிக்கும் குளிர்ந்துச்சுன்னா, இதைக் கழட்டிட்டுப் பழைய திருகு சுவிட்சையே மாட்டிருவேன்" என்றார் அண்ணி. தையல் மெஷின் மேல் ஸ்க்ரூடிரைவர் தயாராக இருந்தது.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே பஸ் என்பதால் அவரைக் கூப்பிடப் போயிருந்தேன். சோதனை முடிந்து மூச்சு வாங்க மாடியேறி வந்தவர், வெற்றியோடு கைபேசியை நீட்டினார். "பாரு, ஒழுங்காத்தான் வேலை செய்யுது."

அண்ணி வாய்விட்டுப் படித்தார். "வீட்டில் ஆளில்லை. ஹீட்டர் அணைக்கப்பட்டது." நிமிர்ந்தார். "அப்ப ஜன்னல்லேருந்து கத்தினது யாரு? சோபாவா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். அவர் எழுதிய விதியில் ஆள் என்ற இடத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"உன் போனையும் சேர்த்துரலாம்."

"நான் எங்க போறேன் வரேன்னு சுவத்துக்கு எதுக்குங்க தெரியணும்? கையால திருகிக்கிறேன், விடுங்க."

"கையால திருகினா அப்புறம் அதுக்கு மூளை எதுக்கு?"

அண்ணி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அண்ணன் அதை மெல்ல வாங்கிக்கொண்டு, அது இருந்த இடத்தில் தன் கைபேசியை வைத்தார். பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

தெருமுனைக் கம்பத்தடியில் அவர் கால் தானாக நின்றது. கை சட்டைப்பையைத் தடவி, வெறுமனே திரும்பியது. ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

ஜன்னல் திறந்தது. இந்தமுறை குரல் வரவில்லை. அண்ணி தன் ஸ்வெட்டரைக் கழற்றி, வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினார்.